குளக்கரையில் பெற்றோர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிள்ளைகளை நீச்சல் கிளப்பில் சேர்த்துவிட்டு, கிளப்புக்குத் தாங்களும் கை கொடுக்க நினைக்கும் பெற்றோரிடமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஆழமான தண்ணீரைப் பார்த்தாலே கால் கூசும். மகளின் கிளப்பில் போட்டி நாளுக்கு ஆள் வேண்டும் என்கிறார்கள். என்னால் என்ன ஆகும்?

நிறைய ஆகும். ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, பிள்ளைகளை ஹீட் (ஒரே நேரத்தில் சேர்ந்து நீந்தும் குழு) வாரியாக உட்கார வைப்பது, நேரச் சீட்டுகளை மேசைக்குக் கொண்டு சேர்ப்பது, முடிவுகளைக் கணினியில் ஏற்றுவது, மைக்கில் பெயர் வாசிப்பது என்று எதற்கும் நீச்சல் வேண்டாம். கண்ணும் கவனமும் போதும்.

தொடவே கூடாத வேலைகளும் உண்டு. முதலாவது, லைஃப்கார்டு வேலை. பயிற்சி பெற்று அதற்கென்றே நிற்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். "நான்தான் இங்கே நிற்கிறேனே" என்று எந்தப் பெற்றோரும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அடுத்தது, குளோரின், அமிலம் போன்ற ரசாயனங்கள். குளோரின் மருந்தும் அமிலமும் ஒரே வாளியில் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். முன்பு அமிலம் அளந்த குவளையைக் கழுவாமல் குளோரினுக்கு எடுத்தாலே ஆபத்துதான். கோச்சின் வேலையும் உங்களுடையதல்ல. கரையில் நின்று ஒருவர் "கையை நீட்டு" என்றும் இன்னொருவர் "காலை அடி" என்றும் கத்தினால் தண்ணீரில் இருக்கும் பிள்ளை யாருடைய சொல்லைக் கேட்கும்?

முதல் முறையாக வருகிறவருக்கு ஸ்டாப்வாட்ச் வேலையைத்தான் பரிந்துரைப்போம். எல்லாக் கிளப்பிலும் ஆள் பற்றாத வேலை அதுதான். பந்தயத்தை மிக அருகிலிருந்து பார்க்கக் கிடைக்கும் இடமும் அதுதான்.

ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். என் வாட்ச்சில் வந்த நேரமும் பக்கத்தில் நின்றவர் நேரமும் ஒரு முறைகூட ஒத்துப்போகவில்லை. தவறு எங்கே?

பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில்.

தொடக்கத்தில் காதை நம்பியிருப்பீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்டார்ட்டர், அதாவது பந்தயத்தைத் தொடங்கி வைப்பவர், குளத்தின் ஒரு ஓரத்திலும் நீங்கள் 17 மீட்டர் தள்ளி மறு ஓரத்து லேனிலும் இருந்தால், சத்தம் உங்களை எட்டுவதற்குள் 0.05 நொடி கழிந்துவிடும். ஸ்டார்ட்டர் கருவியில் மின்னும் விளக்கைப் பார்த்து அழுத்துங்கள். "டேக் யுவர் மார்க்ஸ்" என்றதும் கண் அந்த விளக்கின் மேல் இருக்க வேண்டும், நீச்சல்காரரின் மேல் அல்ல.

இரண்டாவது, விரல். பொத்தானை லேசாக அழுத்தி அதன் தளர்வை முன்பே எடுத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு மயிரிழை அழுத்தினால் ஓடும் நிலையில் விரலை வைத்திருங்கள். ஆள்காட்டி விரலோ கட்டைவிரலோ, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அதே விரல்தான். விரல் மாறினால் வேகம் மாறும்.

மூன்றாவதுதான் பெரும்பாலான பிழைக்குக் காரணம்: முடிவில் நிற்கும் இடம். கடைசி ஏழெட்டு மீட்டர் இருக்கும்போதே எழுந்து, உங்கள் லேனின் விளிம்புக்குப் போய், நேர் கீழே சுவரைப் பாருங்கள். உடம்பு நனையும், நனையட்டும். இரண்டடி பின்னால் நின்றால் சுவரின் விளிம்பே கையை மறைத்துவிடும். தலை வந்ததைப் பார்த்து அழுத்துவீர்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் (தவளை போல நீந்துவது) கை பல நேரம் தண்ணீருக்கு அடியில்தான் சுவரைத் தொடும். பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்துவது) தலைக்குப் பின்னால் நீளும் கை முதலில் தொடும். ஃப்ரீஸ்டைலில் உடம்பின் எந்தப் பகுதி சுவரில் பட்டாலும் அது தொட்டதுதான்.

நான்காவது, முந்திக்கொள்வது. பிள்ளை பக்கத்தில் வந்துவிட்டது, இதோ தொடப் போகிறது என்று விரல் தானாக இறங்கும். தொட்டதைப் பார்த்த பிறகு அழுத்துங்கள். கடைசிக் கை வீச்சுச் சிறிது குறைந்து, சுவருக்கு அரை அடி முன்னால் சறுக்கி வரும் பிள்ளைக்கு உங்கள் ஊகம் கால் நொடியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடும்.

இன்னும் சில. வாட்ச் ஓடத் தொடங்கியதும் ஒரு முறை குனிந்து பாருங்கள். ஓடவில்லை என்றால் உடனே கையைத் தூக்குங்கள். தலைமை டைம்கீப்பர் ஒவ்வொரு ஹீட்டுக்கும் உபரியாக இரண்டு வாட்ச்களை ஓடவிட்டு வைத்திருப்பார், ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார். வெட்கப்பட்டுக்கொண்டு பாதியில் ஓடவிட்டு, குத்துமதிப்பாகக் கூட்டிச் சொல்வது மட்டும் வேண்டாம். 100 மீட்டரில் பாதித் தூரத்துக்கான நேரமும் எடுக்க வேண்டுமானால் அதற்கான பொத்தான் எது என்பதைப் போட்டிக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு, தலைமை டைம்கீப்பர் சொல்லும் வரை வாட்ச்சைப் பூஜ்யமாக்காதீர்கள். சீட்டில் எழுதியாயிற்றே என்று அழித்த அடுத்த நிமிடம் நடுவர் வந்து "மூன்றாம் லேன் நேரத்தைக் காட்டுங்கள்" என்பார்.

உங்கள் சொந்தப் பிள்ளை நீந்தும் லேனில் நிற்காமல் இருப்பது நல்லது. உங்கள் நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் உங்கள் கண் சுவரில் இருக்காது. பக்கத்து லேன்காரரோடு அந்த ஹீட்டுக்கு மட்டும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு லேனில் மூன்று வாட்ச். மூன்றிலும் மூன்று நேரம். நாங்கள் கூட்டி மூன்றால் வகுத்தோம். மேசையில் இருந்தவர் அது தவறு என்றார். சராசரிதானே நியாயம்?

மேசைக்காரர் சொன்னதுதான் சரி. மூன்றும் வேறுவேறாக இருந்தால் நடுவில் இருக்கும் நேரம்தான் அதிகாரபூர்வ நேரம். இரண்டு ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் இருந்தால் ஒத்துப்போகும் இரண்டின் நேரம். மூன்றில் ஒன்று பழுதாகி இரண்டுதான் மிஞ்சியது என்றால் மட்டும் சராசரி.

ஏன் என்று ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 41.28, 41.33, 41.75 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் எதிலோ கவனம் சிதறித் தாமதமாக அழுத்தியிருக்கிறார் என்பது தெரிகிறது. நடு நேரம் 41.33. சராசரி எடுத்தால் 41.45. ஒருவருடைய கவனக் குறைவுக்கு அந்தப் பிள்ளை 0.12 நொடி தண்டம் கட்டுகிறது. நடு நேரத்தை எடுத்தால் தவறிய வாட்ச் தானாக ஒதுங்கிவிடும்.

வாட்ச் சொன்னதைக் கேட்காமல் போனதால் நேர்ந்த பெரும் சர்ச்சை ஒன்று ஒலிம்பிக் வரலாற்றிலேயே இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக், ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்று வாட்ச்களும் 55.2 காட்டின. அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. வாட்ச்படி லார்சன் முதல். ஆனால் அன்றைய முறையில் கண்ணால் பார்த்து இடம் சொல்லும் நடுவர்களின் வார்த்தைதான் முதன்மை. அவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். கடைசியில் தங்கம் டெவிட்டுக்குப் போனது, லார்சனின் நேரமும் 55.2 என்று பதிவானது. கை பட்டதும் நேரத்தைத் தானே பதியும்படி சுவரில் பொருத்தும் டச்பேட் வரவேண்டும் என்ற குரல் இதற்குப் பின் ஓங்கியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அது வந்துவிட்டது.

டச்பேட் இருக்கும் குளத்திலும் உங்கள் வேலை போய்விடாது. சின்னப் பிள்ளைகள் சுவரை மெல்லத் தொடுவார்கள், பேட் பதியாது. அப்போது கருவியோடு இணைத்திருக்கும், நீங்கள் அழுத்திய பொத்தானும் வாட்ச்சும்தான் சாட்சி.

நொடியின் நூறில் ஒரு பங்கு வரை நேரம் சமமாக வந்தால் இருவருக்கும் முதல் இடம் என்கிறார்கள். ஆயிரத்தில் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாமே?

ஒரு காலத்தில் பார்த்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் (நான்கு பாணிகளையும் ஒருவரே நீந்தும் போட்டி) ஸ்வீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் நூறில் சமம். ஆயிரத்தில் பார்த்து 0.002 நொடியில் லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அந்த வேகத்தில் 0.002 நொடி என்பது சுமார் மூன்று மில்லிமீட்டர். குளம் கட்டும்போது ஒரு லேனுக்கும் அடுத்த லேனுக்கும் நீளத்தில் அதைவிட அதிக வித்தியாசம் வந்துவிடும். சிமென்ட் பூச்சின் கனத்துக்குப் பதக்கம் கொடுப்பது நியாயமில்லை என்று அதன் பிறகு நூறோடு நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் கிளப் போட்டி மதியம் முடியும் என்று அறிவித்தோம். முடிந்தபோது மாலை. பசியில் பிள்ளைகள் அழ, பெற்றோர் திட்ட, அடுத்த ஆண்டு யாரும் உதவிக்கு வரமாட்டார்கள் போலிருக்கிறது. முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுவது?

பதிவுகளை எண்ணுங்கள், பிள்ளைகளை அல்ல. 140 பிள்ளைகள், ஆளுக்கு மூன்று போட்டி என்றால் 420 பதிவு. ஆறு லேன் குளத்தில் 70 ஹீட் என்று வகுத்தல் சொல்லும். ஆனால் வயதுப் பிரிவும் ஆண், பெண் பிரிவும் இருப்பதால் கடைசி ஹீட்டுகள் பாதி காலியாகப் போகும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 84 என்று வையுங்கள்.

இனி ஒரு ஹீட்டுக்கு எவ்வளவு? முதலில் வருபவர் நேரத்தை எடுக்காதீர்கள். கடைசியாக வருபவருடையதை எடுங்கள். 50 மீட்டரில் கற்றுக்குட்டி ஒருவர் 75 நொடி எடுத்துக்கொள்வார். ஏறி வெளியே வந்து, அடுத்தவர்கள் நின்று, விசில் ஊதி, தொடங்குவதற்கு இன்னொரு 40, 45 நொடி. ஆக ஹீட்டுக்கு இரண்டு நிமிடம். 84 ஹீட்டுக்கு 168 நிமிடம், அதாவது 2 மணி 48 நிமிடம். இதோடு வார்ம்-அப், இடைவேளை, பரிசளிப்பு. 100 மீட்டர் ஹீட்டுக்கு இதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வையுங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த நல்ல வழி ஒன்று உண்டு. முடித்த பிள்ளைகள் வெளியே ஏறாமல், லேன் கயிற்றைப் பிடித்தபடி சுவரை ஒட்டித் தண்ணீரிலேயே நிற்கட்டும். அடுத்த ஹீட் அவர்கள் தலைக்கு மேலாகப் பாய்ந்து போன பிறகு ஏறலாம். ஹீட்டுக்கு 20 நொடி மிச்சம் என்றாலும் 84 ஹீட்டில் 28 நிமிடம். பேக்ஸ்ட்ரோக்கில் தண்ணீரிலிருந்தே தொடங்குவதால் அங்கே இது செல்லாது. பாய்வதில் தடுமாறும் சிறு பிள்ளைகள் இருக்கும் ஹீட்டிலும் வேண்டாம்.

ஆள் கணக்கு: லேனுக்கு இரண்டு டைம்கீப்பர் என்றால் 12. தலைமை டைம்கீப்பர் ஒருவர், மாற்றாள் ஒருவர், பிள்ளைகளை வரிசைப்படுத்தும் மார்ஷல்கள் மூவர், மேசையில் இருவர், சீட்டு கொண்டு போக ஒருவர், மைக்கில் ஒருவர், உடைமாற்றும் அறைப் பக்கம் இருவர், தண்ணீர் கொடுக்க ஒருவர். மொத்தம் 24. மூன்று மணி நேரம் தொடர்ந்து வாட்ச் பிடித்தால் கடைசி ஹீட்டுகளில் கண் அயர்ந்துவிடும். ஆகவே இரண்டு ஷிஃப்ட். இரண்டாம் ஷிஃப்டுக்காரர் கால் மணி நேரம் முன்பே வந்து பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எட்டு வயதுக்காரர்களை ஹீட் வாரியாக உட்கார வைக்கும் பொறுப்பு எனக்கு. ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் காணாமல் போய்விடுகிறார்கள்.

போய்விடத்தான் செய்வார்கள். வெகு சீக்கிரம் கூப்பிட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பதுதான் காரணம். மூன்று ஹீட்டுக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள்: ஒன்று பிளாக்குகள் எனும் பாயும் மேடைகளுக்குப் பின்னால், ஒன்று அடுத்த பெஞ்சில், ஒன்று அதற்கடுத்த பெஞ்சில். ஹீட் நகர நகரப் பெஞ்ச் நகர வேண்டும். பெஞ்சில் லேன் வரிசையிலேயே உட்கார வையுங்கள். தொடக்கச் சுவரில் நின்று குளத்தைப் பார்த்தால் வலக்கை ஓரம்தான் முதல் லேன். இதைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஆறு பிள்ளைகளும் கடைசி நொடியில் இடம் மாற ஓடுவார்கள், ஈரத் தரையில்.

பிள்ளையின் முன்கையில் மூன்று எண்களை மார்க்கரால் எழுதுங்கள்: போட்டி எண், ஹீட், லேன். சன்ஸ்கிரீன் பூசிய தோலில் மை ஒட்டாது, வழிந்துவிடும். அதனால் முதலில் எழுதிக் காயவிட்டு, பிறகு பூசச் சொல்லுங்கள். இந்த ஒரு செய்தியை முந்தின நாளே பெற்றோருக்கு அனுப்பிவிட்டால் காலையில் உங்கள் வேலை பாதியாகும்.

விசில்களைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக் கொடுங்கள். நடுவர் குட்டிக் குட்டியாகப் பலமுறை ஊதினால் துண்டையும் மேலுடையையும் கழற்றித் தயாராக வேண்டும். நீளமாக ஒரு முறை ஊதினால் பிளாக்கில் ஏற வேண்டும். பேக்ஸ்ட்ரோக் என்றால் தண்ணீரில் இறங்க வேண்டும், இரண்டாம் நீள விசிலுக்குச் சுவருக்கு வந்து பிடிக்க வேண்டும். இது தெரிந்த பிள்ளைக்குப் பயம் பாதி குறைந்துவிடும்.

அழும் பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள். கோச்சைக் கூப்பிடுங்கள். நீந்த மாட்டேன் என்றால் அந்த ஹீட்டில் அந்த லேன் காலியாகப் போகட்டும்.

முடிவு மேசையில் உட்காருகிறேன். தட்டச்சு வேகமாக வரும். ஆனாலும் தினமும் இரண்டு மூன்று பேர் "என் பையன் நேரம் தப்பு" என்று வருகிறார்கள்.

தவறு உங்கள் விரலில் இல்லை, சீட்டில் இருக்கும். ஈரக் கை பட்டால் ஜெல் பேனா மை கரைந்து ஓடும். சீட்டுக்குப் பென்சில்தான் ஏற்றது. ஈரம் பட்ட தாளிலும் எழுதும், கலையாது. லேனுக்கு இரண்டு பென்சில் கொடுத்துவிடுங்கள். 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரிய 7-இன் நடுவில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

அடுத்தது நிமிடக் கணக்கு. 1:05.32 என்றால் 65.32 நொடி. சில டைம்கீப்பர்கள் 1.05.32 என்று எழுதுவார்கள், அவசரத்தில் 1.05 மட்டும் ஏறிவிடும். ஒருவர் எண்ணை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் ஏற்ற, வாசித்தவர் திரையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஒருவரே வாசித்து ஏற்றினால் தன் தவறு தனக்குத் தெரியாது. அசல் சீட்டுகளை ஹீட் வாரியாகக் கிளிப் போட்டு, போட்டி முடிந்து சில வாரம் வரை எறியாமல் வையுங்கள்.

லேன் ஒதுக்கீடும் பலருக்குச் சந்தேகம். ஆறு லேனில் வேகமானவர் மூன்றில், அடுத்தவர் நான்கில், பிறகு 2, 5, 1, 6. எட்டு லேனில் 4, 5, 3, 6, 2, 7, 1, 8. பழைய நேரமே இல்லாத புதுப் பிள்ளைகள் மெதுவான ஹீட்டுக்குப் போவார்கள். 25 மீட்டர் குளத்தில் எடுத்த நேரத்தை 50 மீட்டர் குளத்து நேரத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். திரும்பும் இடங்கள் அதிகம், ஒவ்வொரு திரும்பலிலும் சுவரை உதைத்து வேகம் எடுப்பதால் சிறிய குளத்து நேரம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

லேன் கயிறு போடுவதும் கொடி கட்டுவதும் அப்பாக்கள் வேலை என்று ஒப்படைத்துவிட்டார்கள். முறை என்ன?

அம்மாக்களும் செய்யலாம், பலம் அவ்வளவு தேவைப்படாது. கயிற்றுச் சுருள் ஒரே மூலையில் நிற்கிறது என்றால் அதற்குத் தொலைவில் இருக்கும் லேனிலிருந்து தொடங்குங்கள். பக்கத்திலிருந்து தொடங்கினால் அடுத்த கயிறு முந்தைய கயிற்றின் மேல் ஏறிச் சிக்கும். நீந்தத் தெரிந்த ஒருவர் கொக்கியை இழுத்துப்போய் எதிர்ச் சுவரில் மாட்டட்டும். எல்லாக் கயிறுகளையும் முதலில் பாதி இறுக்கத்தில் மாட்டிவிட்டு, பிறகு ஒரு சுற்று வந்து இழுவியால் முறுக்குங்கள்.

எவ்வளவு முறுக்குவது என்பதில்தான் கெடுதல் நடக்கிறது. தளர்வாக இருந்தால் கயிறு வளைந்து பக்கத்து லேனுக்குள் போகும், அலையையும் அடக்காது. அளவுக்கு மீறி முறுக்கினால் உள்ளே ஓடும் எஃகுக் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறும், சுவரில் பதித்த கொக்கியும் பெயரும். கயிறு நேர்கோட்டில் நின்று, நடுவில் கையால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி மேலே வந்தால் போதும். அறுந்த இழை மீன்முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டுவதற்கு முன் கையுறை போட்டுக்கொண்டு கயிற்றின் நீளம் முழுக்கத் தடவிப் பாருங்கள். கயிற்றில் கோத்திருக்கும் உடைந்த வட்டுகளின் விளிம்பும் பிள்ளைகளின் தோளைக் கிழிக்கும். கயிற்றின் மேல் யாரும் உட்காரக் கூடாது என்பதையும் வார்ம்-அப்பில் சொல்லிவிடுங்கள்.

பேக்ஸ்ட்ரோக் கொடி சுவரிலிருந்து சரியாக 5 மீட்டர், தண்ணீர் மட்டத்திலிருந்து 1.8 மீட்டர். இரு முனையிலும். டேப்பை வைத்து அளங்கள், கம்பம் நடும் குழி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். உயரத்தைக் குளத்தின் நடு லேனில் அளங்கள், ஏனென்றால் கயிறு அங்கேதான் தொய்யும். மல்லாந்து நீந்தும் பிள்ளைக்குச் சுவர் தெரியாது. கொடி தலைக்கு மேல் வந்ததும் இத்தனை கை வீச்சு என்று எண்ணித்தான் திரும்பும், தொடும். நீங்கள் கொடியை 4.5 மீட்டரில் கட்டிவிட்டால் பழகிய எண்ணிக்கை பொய்க்கும், தலை சுவரில் மோதும். அடிபட்டது பிள்ளையின் தவறு என்று பிறகு சொல்லிவிடக் கூடாது.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒரு கையால் தொட்டாள் என்று மகளை நீக்கிவிட்டார்கள். நானே பக்கத்து லேனில் வாட்ச்சோடு நின்றேன், இரண்டு கையும் பட்டதைப் பார்த்தேன். நடுவரிடம் போய்ச் சொல்லலாமா?

வேண்டாம். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கைகளும் பிரிந்தபடி, ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். இரண்டும் பட்டன என்பது மட்டும் போதாது. ஒரு கை சற்று முந்தியிருந்தாலும் நீக்கம்தான். அதைப் பார்க்க என்று ஒருவர் சுவருக்கு மேலே நிற்கிறார். நீங்கள் அந்த நேரம் வேறொரு லேனின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

முறை இதுதான்: கோச்சிடம் சொல்லுங்கள். அவர் போய் என்ன தவறு பதிவானது என்று கேட்பார். தேவையென்று அவருக்குப் பட்டால் எழுத்தில் ஆட்சேபம் கொடுப்பார். உலக நீச்சல் அமைப்பான வேர்ல்டு அக்வாட்டிக்ஸின் விதிப்படி அந்தப் போட்டி முடிந்த 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும். தன்னார்வலர் சட்டையோடு நீங்களே நடுவரிடம் வாதாடினால், அன்று வாட்ச் பிடித்த எல்லாப் பெற்றோருடைய நேர்மையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

மகளிடம் பேசும்போது தவறின் பெயரைச் சொல்லுங்கள்: "இடக்கை முதலில் பட்டது." பிள்ளைகள் நீக்கத்தைத் தண்டனை என்று நினைப்பார்கள். எந்தக் கை என்று தெரிந்துவிட்டால் அது அடுத்த வாரம் பயிற்சி செய்து திருத்தக்கூடிய ஒன்றாகிவிடும்.

பாதுகாப்புக்குப் பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?

போட்டியைவிட வார்ம்-அப்பில்தான் ஆபத்து அதிகம். ஒரே லேனில் பதினைந்து இருபது பேர், அதில் ஒருவர் பாய்வார், கீழே ஒருவர் வந்துகொண்டிருப்பார். வார்ம்-அப்பில் எல்லோரும் சுவரைப் பிடித்துக் காலை முதலில் இறக்கித்தான் தண்ணீருக்குள் போக வேண்டும். பாய்வதற்கென்று ஒரு லேன், அதில் ஒரு திசையில் மட்டும், பிளாக்கருகே ஒரு பெரியவர் நின்று ஒவ்வொருவராக அனுப்ப வேண்டும். உங்களில் இருவர் இந்த வேலைக்கு வந்தால் பெரிய உதவி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் யார் அதிக தூரம் என்ற விளையாட்டைப் பார்த்தவுடன் நிறுத்துங்கள். வேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்துபோய், மூச்சுவிடத் தோன்றும் தவிப்பே வராது. பிராணவாயு தீர்ந்து, எந்த அறிகுறியும் காட்டாமல் மயங்கிவிடுவார்கள்.

மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்துக்குள் மூழ்கிவிடலாம். பார்த்ததும் லைஃப்கார்டைக் கூவி அழையுங்கள், கம்பையோ மிதவையையோ நீட்டுங்கள், நீங்கள் குதிக்காதீர்கள். இடி கேட்டால் திறந்தவெளிக் குளத்திலிருந்து எல்லோரையும் ஏற்றிவிட்டு, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருங்கள்.

உடைமாற்றும் அறைக்குள் ஃபோன் எடுத்துப் போகக் கூடாது, யாராக இருந்தாலும். மற்றவர் பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. இருவராக, கதவருகே நில்லுங்கள். பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் பெற்றோரையும் சேர்த்தே அனுப்புங்கள். படம் எடுப்பவர் பிளாக்குகளுக்குப் பின்னாலிருந்து எடுக்கக் கூடாது. நீச்சலுடையில் குனிந்து நிற்கும் பிள்ளைகளை அந்தக் கோணத்தில் எடுப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை. இந்த விதிகளைச் சொல்லும்போது சிலர் தங்களைச் சந்தேகிப்பதாக முகம் சுளிப்பார்கள். சொல்லத்தான் வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் ஒருவரை மட்டும் தனியாகக் கேட்கும் நிலை வராது.

குளத்தருகே கண் எரிகிறது, நெடி தாங்கவில்லை. குளோரின் கூடிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடி. பிள்ளைகள் கழிவறைக்குப் போய், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்கினாலே குறையும். மூடிய கூரையுள்ள குளத்தில் காற்றோட்டமும் வேண்டும். அளவு பார்ப்பது குளத்துப் பராமரிப்பாளர் வேலை. அவரிடம் தெரிவித்துவிட்டு, இருமும் பிள்ளைகளை வெளிக்காற்றுக்கு அழைத்துப் போங்கள்.

எந்தப் போட்டி என்றாலும் அதே ஏழெட்டுப் பெற்றோர்தான் வேலை செய்கிறோம். மற்றவர்கள் நாற்காலியில். கோபமாக வருகிறது.

"உதவ விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்ற பொது அழைப்புக்கு யாரும் எழுந்து வரமாட்டார்கள். என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று தெரியாத ஒன்றுக்கு யார் ஒப்புக்கொள்வார்கள்? நாற்காலியில் இருப்பவரில் பலருக்குச் சோம்பல் இல்லை, தவறு செய்துவிடுவோமோ என்ற தயக்கம்தான். நேரில் போய், பெயர் சொல்லி, ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: "சனிக்கிழமை 8 முதல் 10 வரை, ஐந்தாம் லேன், என் பக்கத்தில் நிற்பீர்களா?" பெரும்பாலும் சரி என்பார்கள்.

புதியவரைத் தனியாக விடாதீர்கள். பழையவர் ஒருவரோடு சேர்த்து, முதல் பத்து ஹீட்டுக்கு அவருடைய நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிட்டு மட்டும் பாருங்கள். இரண்டு வாட்ச்களும் நொடியின் நூறில் பத்துப் பங்குக்குள் நெருங்கி வரத் தொடங்கியதும் அவர் தயார். கைக்குழந்தை உள்ளவர், வார இறுதியில் வேலைக்குப் போகிறவர், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர் ஆகியோருக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை கொடுங்கள்: பதிவுப் பட்டியல் சரிபார்ப்பது, ஷிஃப்ட் அட்டவணை போடுவது, முந்தின நாள் நினைவூட்டல் அனுப்புவது. அட்டவணையில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.

கிளப்புக்காகப் பணம் வசூலிக்கச் சொன்னார்கள். நண்பர்களுக்குள் கணக்கு கேட்பது சங்கடமாக இருக்கிறது.

சங்கடம் வராமல் இருக்கத்தான் முறை. ரொக்கத்தை எப்போதும் இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திடுங்கள். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது. சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். போட்டி முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிவிட்டால் யாரும் கேட்க வேண்டியதே இல்லை.

போட்டி முடிந்ததும் வாட்ச்களை அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். அடுத்த முறை எடுத்தால் இரண்டு மூன்று ஓடுவதில்லை.

ஈரத்தோடு மூடியதுதான் காரணம். ஒவ்வொன்றையும் கழுத்துக் கயிறோடு துடைத்து, ஒரு இரவு திறந்து உலரவிட்டு அடுக்குங்கள். கயிற்றில் ஊறிய குளத்து நீர்தான் உள்ளே இறங்குகிறது. ஓடாத வாட்ச்சில் சிவப்பு நூல் கட்டித் தனியே வையுங்கள், "பார்த்துக்கொள்ளலாம்" என்று மற்றவற்றோடு போட்டுவிட்டால் அது அடுத்த போட்டியில் யாரோ ஒரு பிள்ளையின் லேனுக்குத்தான் போகும். பேட்டரி மாற்றிய தேதியை வாட்ச்சின் முதுகில் ஒட்டுங்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஒரே நேரத்தில் நிறுத்திப் பாருங்கள். கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் வாட்ச் எது என்று அப்போதே தெரிந்துவிடும்.